மூன்று மாத அவகாசம்

அருணகிரிக்கு இப்போது எழுபது வயது. ஜெசிந்தாவோடு ஆம்பூர்ப் பக்கம் டவுன் பஸ்ஸில் அலைந்த அந்த ஒரு வருடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். "அது மாதிரி மறுபடி படிக்கக் கிடைக்கல" என்பார்.

நூற்பாலை மூடியபோது அவருக்கு நாற்பத்தாறு. அங்கே சூப்பர்வைசராக இருந்தவர், ஒரு சான்றிதழ் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஒரு கம்பெனி தன் தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறதா என்று நேரில் போய்ப் பார்த்து, சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கொடுக்கும் வேலை. கற்றுக்கொடுத்த ஜெசிந்தா அவரைவிடப் பதினான்கு வயது இளையவர்.

முதலில் போனது ஒரு ஷூ கம்பெனிக்கு. தையலில் முந்நூறு பெண்கள். சுவரெல்லாம் புதுப் பெயின்ட் வாசனை.

"நாம வர்றோம்னு நேத்து அடிச்சிருக்காங்க. இந்தச் சான்றிதழால என்ன மேடம் மாறப்போகுது?" என்றார் அருணகிரி.

ஜெசிந்தா மதியம் அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று மணிக்கு அருணகிரியை மறுபடி தையல் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

"தண்ணி பாட்டிலைப் பாருங்க, சார்."

எல்லா மெஷின் பக்கத்திலும் பாட்டில் நிறைந்தே இருந்தது.

"ஏம்மா, தண்ணி குடிக்கலையா?" என்று அருணகிரி கேட்டார்.

கோமளா என்ற பெண் தலையைத் தூக்காமல், "தாகமில்லைங்க" என்றாள்.

ஜெசிந்தா பெண்களின் கழிப்பறைக் கதவைத் திறந்து காட்டினார். மூன்று மணியாகியும் தரையில் ஈரமே இல்லை.

கழிப்பறைக்குப் போகவிட மாட்டார்கள் என்றுதான் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள் என்று அருணகிரிக்குப் புரிந்தது.

"எங்க மில்லுல டோக்கன் வச்சிருந்தோம், மேடம். ஒரு ஷிப்டுக்கு ரெண்டு தடவைதான் போகலாம். அந்த டோக்கனை நான்தான் கொடுப்பேன்."

ஜெசிந்தா கதவைச் சாத்தினார்.

"இந்தக் கம்பெனிக்குச் சான்றிதழே கொடுக்கக் கூடாது, மேடம்."

"இன்னைக்கே இல்லைன்னு சொல்லிட்டா ஆர்டர் போயிடும். இந்தப் பொண்ணுங்க எல்லாரும் வீட்டுல உட்காரணும்."

ஜெசிந்தா நேராக மேனேஜர் தன்ராஜிடம் போனார். "கழிப்பறைக்குப் போக யார்கிட்டயும் கேட்க வேண்டியதில்லைன்னு இருக்கணும். விதிமுறை மொத்தமும் தமிழ்ல சுவத்துல ஒட்டணும். மூணு மாசம் டைம்."

"வேலை படுத்துடும் மேடம்."

"சான்றிதழ் இல்லாம வெளிநாட்டுல வாங்க மாட்டாங்க. அது என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்."

தன்ராஜ் தேதியைக் குறித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துப் போனார்கள். விதிமுறை ஒட்டியிருந்தது. தன்ராஜோடு தையல் கூடத்துக்குள் நுழைந்ததும் கோமளா எழுந்து வந்து சுவரைக் காட்டினாள்.

"கழிப்பறையில சோப்பு வைப்போம்னு இதுல போட்டிருக்கு. பத்து நாளா இல்ல. கேட்டா நாளைக்கு, நாளைக்குங்கறாங்க."

சத்தமாகத்தான் சொன்னாள். தன்ராஜ் முகம் சுருங்கியது. நாலைந்து பெண்கள் தையலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் அருணகிரிக்குத் தாங்கவில்லை.

"மூணு மாசம் கொடுத்தும் ஒரு சோப்பு வாங்கி வைக்கல. என்னதான் மாறியிருக்கு மேடம்?"

"அன்னைக்குத் தாகமில்லைன்னவங்க, இன்னைக்கு மேனேஜர் பக்கத்துல நிக்கறப்பவே கேட்டாங்க, சார்" என்றார் ஜெசிந்தா. "சோப்பு இல்லைன்னு எழுதிக்குங்க."