கோழிகள் நடந்து போட்ட பாதை

பெருங்கடலின் நட்டநடுவில், எரிமலைகள் கக்கிய கல்லால் ஆன ஒரு தீவில், மெராஹி என்ற கோழி பதினோரு முட்டைகளின்மேல் அடைகாத்துக்கொண்டிருந்தது. அது இருந்த இடம் நீளமான ஒரு கருங்கல் வீடு. முன்னொரு காலத்தில் படகேறி வந்து கரையோரம் மாபெரும் கற்சிலைகளை நட்ட மனிதர்கள், தங்கள் கோழிகளுக்காகக் கட்டிய வீடு அது. இப்போது அதில் நாற்பது கோழிகளும் டோக்கி என்ற சேவலும் வாழ்ந்தன.

அந்த வீட்டுக்குக் கதவு கிடையாது. சுவரிலுள்ள நூற்றுக்கணக்கான கற்களில் ஒன்று மட்டும் நகரும். எந்தக் கல் என்பது கோழிகளுக்குத்தான் தெரியும். அதனால் அவை ஒரு வழக்கத்தை விடாமல் காத்துவந்தன. மாலையில் ஒரு கோழி வந்த வழியாக இன்னொரு கோழி வரக் கூடாது. ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி வந்தால் புல் தேயாது. புல் தேயாவிட்டால் பாதை விழாது. பாதை இல்லையென்றால் பகைவனுக்கு வாசல் எங்கே தெரியப்போகிறது?

ஒரு நாள் டோக்கி கழுத்தில் சிப்பி மாலையோடு வந்தது.

"என்ன அண்ணே, கல்யாணமா?" என்றது மெராஹி.

"பட்டம்! பாதைத் தலைவர் என்று எனக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்!"

"யார் கொடுத்தார்கள்?"

"பூனைகள்!"

மெராஹிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. "பூனைகளா?"

"பதறாதே! அவர்கள் வேட்டையை விட்டுவிட்டார்கள். இப்போது நடைப்பயணிகள். ஏழு பேர். 'நாங்கள் நேற்றுக் கப்பலில் வந்தவர்கள். தாங்களோ முதல் படகிலேயே வந்த பரம்பரை. தீவைச் சுற்றிக் காட்டத் தங்களைவிட்டால் யார்?' என்று கேட்டார்கள். 'வாழ்க' என்று கோஷம்கூடப் போட்டார்கள். நீங்கள் நாற்பது பேர் இருக்கிறீர்களே, ஒரு நாளாவது எனக்கு 'வாழ்க' சொன்னதுண்டா?"

"ஒன்றாக இருந்து சாப்பிடுகிறவர்களுக்குள் எதற்கு அண்ணே கோஷம்?"

"பொறாமை!" என்று சொல்லிவிட்டு டோக்கி மாலையைச் சரிசெய்துகொண்டது.

அன்றுமுதல் சேவல் முன்னே நடந்தது, பூனைகள் பின்னே நடந்தன. கரையோரச் சிலைகள், எரிமலை விளிம்பு, பழைய கல்வீடுகள் என்று நாள்தோறும் உலா. திருப்பத்துக்குத் திருப்பம் டோக்கி ஒரு வெள்ளைப் பவளக்கல்லை வைத்தது. விருந்தாளிகள் வழி தவறக் கூடாதாம்! கோழிகளுக்கும் ஓர் உத்தரவு வந்தது. "இனி எல்லோரும் என் பாதையில் வரிசையாக வாருங்கள். பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும்!"

கோழிகள் முணுமுணுத்தன. ஆனால் சுற்றி வருவதைவிட நேரே வருவது சுலபமாக இருந்தது. சுலபமானது எதுவும் சீக்கிரம் பழகிவிடும். பத்தே நாளில் புல் மடிந்து, மண் தெரிந்து, வெள்ளைக்கற்கள் காவலிருக்க, ஒரு பாதை நேராக வந்து அந்த ஒற்றைக் கல்லின் முன்னால் நின்றது.

பதினோராம் நாள் விடியற்காலையில் மெராஹி தண்ணீர் குடிக்க வெளியே வந்தது. கீழே விழுந்து கிடந்த சிலைக்குப் பின்னால் பேச்சுக்குரல்.

"இன்று மாலை போவோம்" என்றது மூத்த சாம்பல் பூனை. "கல்லைத் தள்ளினால் போதும். மற்றவை பறந்தாலும் அந்த அடைக்கோழி நகராது. முட்டையை விட்டு எங்கே போகும்?"

"தலைவரை என்ன செய்வது?" என்றது ஒரு குட்டிப் பூனை.

"அவரைக் கடைசியாகச் சாப்பிடுவோம். மரியாதை வேண்டாமா?"

பூனைகள் சிரித்துக்கொண்டே பகலுறக்கத்துக்குத் தங்கள் குகைக்குப் போயின. மெராஹி தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவந்து செய்தியைச் சொன்னது.

"மரத்தில் ஏறிக்கொள்வோம்!" என்று கூச்சலிட்டன சில கோழிகள்.

"நீங்கள் ஏறுவீர்கள். நாளைக்குப் பொரிக்கப்போகும் முட்டைகள் ஏறுமா?" என்றது மெராஹி.



டோக்கி தொண்டையைக் கனைத்தது. "ஏதோ தவறான புரிதல். நான் போய்ப் பேச்சுவார்த்தை நடத்துகிறேன். என் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு!"

போனது. போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பியது. வாலில் ஓர் இறகும் இல்லை.

"மாலையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்!" என்று அது விம்மியது.

மெராஹி அதைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. "தோழிகளே, தேய்ந்த புல் ஒரே நாளில் முளைக்காது. ஆனால் இன்னொரு பாதை போடலாமே! இதையும் நம் கால்கள்தானே போட்டன? நம்மிடம் இருப்பது எண்பது கால்கள். கிளறுவதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?"

ஒரு கிழக்கோழி முட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டது. மற்றவை வேலையில் இறங்கின. வீட்டை ஒட்டிய பாதையைக் கிளறிச் சருகால் மூடின. வெள்ளைக்கற்களை நெஞ்சால் தள்ளித் தள்ளி, பாதை வீட்டை நோக்கித் திரும்பும் இடத்திலிருந்து இடப்பக்கம் கொண்டுபோயின. பிறகு அந்தப் பக்கமாகப் போகவும் வரவும், போகவும் வரவும் நடந்தன. கால் வலித்தவற்றை மற்றவை கேலி செய்தே நடக்கவைத்தன. டோக்கியும் தலை குனிந்து வரிசையில் நடந்தது.

அந்தப் புதுப் பாதை எரிமலை வாய்க்குள் இறங்கியது. அங்கே மழைநீர் தேங்கிய ஏரி. ஏரியின்மேல் கோரை அடர்ந்து பாய்போல மிதந்தது. பார்த்தால் தரை. கோழி நடந்தால் தாங்கும். அதைவிடக் கனமானது நடந்தால் தாங்காது.

மாலையில் பூனைகள் வந்தன.

"நேற்று வலப்பக்கம் அல்லவா போனோம்?" என்றது குட்டிப் பூனை.

"உனக்கென்ன தெரியும்? வெள்ளைக்கல் எங்கேயோ பாதை அங்கே! கோழி வாசனை தூக்குகிறது, பார்!"

ஏரியின் நடுவே, கோரைமேல், மெராஹி உட்கார்ந்திருந்தது. அடைக்கோழிக்கென்று ஒரு குரல் உண்டு. வயிற்றுக்குள்ளிருந்து வரும் கனத்த குரல். வேறு எந்தக் கோழிக்கும் அது வராது. அதனால்தான் முட்டைகளை விட்டுவிட்டு அதுவே வந்திருந்தது.  "கொர்ர்... கொர்ர்..." என்று குரல் கொடுத்தது.

"அடைக்கோழி! முட்டையோடு இருக்கிறது!" என்று கத்தியது சாம்பல் பூனை. "பாயுங்கள்!"

ஏழும் ஒன்றாகப் பாய்ந்தன. கோரை விலகியது. தொபுக்கடீர்!

மெராஹி கோரைக்குக் கோரை தாவி மறுகரை ஏறியது. பூனைகள் தண்ணீரைக் குடித்தும் கக்கியும், ஒன்றின் தலையில் ஒன்று ஏறியும் ஒருவழியாகக் கரை சேர்ந்தன. நனைந்த துணிபோல ஒட்டிய உடம்போடு, ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே தீவின் மறுகோடிக்கு ஓடின. பிறகு அந்தப் பக்கம் அவற்றின் நடைப்பயணம் நடக்கவே இல்லை.

மறுநாள் காலை பத்து முட்டைகள் பொரிந்தன. பதினொன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டு மத்தியானம் பொரிந்தது.

டோக்கி ஒரு கல்மேல் ஏறி நின்றது. "நண்பர்களே, நேற்று என் தலைமையில் நாம் பெற்ற வெற்றி..."

நாற்பது கோழிகளும் திரும்பி அதைப் பார்த்தன. டோக்கி மெல்ல இறங்கியது.

"சரி, இனி யார்தான் தலைவர்?" என்று கேட்டது.

"முதலில் வந்து குஞ்சுகளுக்குப் புழு கிளறு அண்ணே" என்றது மெராஹி. "அதற்கு யாரும் தலைவராக வேண்டாம்."

ஒருவன் புகழ்ச்சிக்கு மயங்கிப் பகைவனுக்குத் திறந்துவிட்ட வழியை, எல்லோரும் சேர்ந்து உழைத்தால்தான் அடைக்க முடியும்.