கதவுக்கு வெளியே இருமல்

தெருத் தெருவாகக் கூவி மீன் விற்கும் ஜெபமணிக்கு, ரத்தக் கொதிப்பு மாத்திரை தொடங்கியதிலிருந்து வறட்டு இருமல். கூவ வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. குரல் போனால் பிழைப்பும் போச்சு.

"ஐயா, வேற மாத்திரை எழுதிக் கொடுங்க."

இருதய டாக்டர் குணசீலனுக்குச் சுருக்கென்றது. அந்த மாத்திரைக் கம்பெனிதான் அவரைக் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்தது.

"நாள் பூரா ஐஸ் மீனைச் சுமந்தா இருமல் வராம என்ன செய்யும்? மாத்திரைதான் காரணம்னு நிரூபி, மாத்தித் தாரேன்."

ஜெபமணி எழுந்துபோய் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அன்று கொதிப்புக்காரர்களை மட்டும் பார்க்கும் நாள். வெளியே பெஞ்சில் வாத்தியார் ஒருவர் இருமினார். ஜவுளிக்கடைக்காரர் இருமினார். பட்டுச்சேலை கட்டிய அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"இவிய எல்லாரும் மீனா விக்காவ, ஐயா?"

டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடையில் அவள் நிற்கையில் அந்த வாத்தியாரும் வந்தார். அவருக்கு அதே பழைய மாத்திரையோடு இருமல் மருந்தும் ஒரு பாட்டில் கொடுத்தார்கள்.

"வாத்தியாரே, மாத்திரையை மாத்தச் சொல்லிக் கேளுங்க. இருமல் அதனாலதான்."

வாத்தியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"டாக்டருக்குத் தெரியாததா மீன்காரிக்குத் தெரிஞ்சுபோச்சு?" என்று இருமி இருமிக் கேட்டார்.