ஈரம் காயாத கண்ணாடி

“நோய் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகும் எதுக்கு டாக்டர் காத்திருக்கணும்?”

கேட்டவர் மருதவாணர். மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவர். நாய்களின் இரத்தத்தைப் படிக்கக் கற்பதற்காக, தம்மைவிட மிக இளையவரான மருத்துவர் செந்தாமரையிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

மேசைமேல் சீனி என்ற நாய் துவண்டு கிடந்தது. அதன் காலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“ஐயா, எதைப் பார்த்தீங்க?” என்றார் செந்தாமரை.

“சிவப்பணுக்குள்ள புள்ளி புள்ளியா இருக்கு. உண்ணி கடிச்சுப் பரவுற ஒட்டுண்ணிதான். மருந்தை ஊசியில நிரப்பிட்டேன், போட வேண்டியதுதான்.”

“கடுமையான மருந்து. நோய் இருந்தா உயிரைக் காப்பாத்தும். இல்லேன்னா, இந்த உடம்பு தாங்காது.”

“அதான் இருக்கே!”

வாசலிலிருந்து நாயின் சொந்தக்காரர் ஜெபமாலை எட்டிப் பார்த்தார். ஆட்டோ ஓட்டுபவர். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

“ஐயா, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கீங்க. என் புள்ளைக்கு என்னன்னு யாராச்சும் சொல்லுங்களேன்!”

மருதவாணர் நெளிந்தார். செந்தாமரையின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அந்த மனுஷன் முகத்தைப் பாத்து ‘தெரியாது’ன்னு எப்படிச் சொல்றது டாக்டர்? என் வாயில வராது.”

செந்தாமரை பக்கத்து அறைக்குள் சென்றார். ஒரு துளி இரத்தம் வைத்த கண்ணாடித் தகட்டுடன் உடனே திரும்பினார்.

“இதையும் பார்த்துச் சொல்லுங்க.”

மருதவாணர் துளியை இழுத்துப் பரப்பினார். காயும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. வழக்கம்போல வாயால் ஊதினார். ஈரம் மினுங்கும்போதே சாயத்தை ஊற்றினார், கழுவினார், நுண்ணோக்கியில் குனிந்தார்.

“இதுலயும் இருக்கு! அதே புள்ளி!”

“உறுதியா?”

“சந்தேகமே இல்லை.” நிரப்பிய ஊசியைக் கையில் எடுத்தார். “இதுக்கும் இப்பவே ஊசி போடணும். எந்த நாய் இது?”

செந்தாமரை சட்டைக் கையை மடித்துவிட்டார். கரத்தை அவர்முன் நீட்டினார்.

“போடுங்க.”

நீட்டிய கையின் விரல் நுனியில் ஒரு பஞ்சுத் துணுக்கு சிவந்திருந்தது.

மருதவாணர் அந்த விரலைப் பார்த்தார். தம் மூச்சின் ஈரமே புள்ளிகளாய்ப் பதிந்த கண்ணாடியைப் பார்த்தார். கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

ஊசியைக் கீழே வைத்தார்.

சீனியின் காது நுனியிலிருந்து புதிதாக ஒரு துளி எடுத்தார். மெல்லப் பரப்பினார். உதடுகள் தாமாகக் குவிந்தன. வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னும் என்னய்யா?” என்றார் ஜெபமாலை.

“காயட்டும்.”

“எது?”

“இரத்தம்.”

அது காய்ந்தது. சாயம் ஏறியது. அவர் நெடுநேரம் குனிந்திருந்தார். ஓரம்வரை தேடினார். அணுக்கள் துலக்கமாக இருந்தன. எதனுள்ளும் ஒரு புள்ளி இல்லை.

எழுந்துபோய், ஊசியிலிருந்த மருந்தைத் தொட்டியில் பீய்ச்சினார். பிறகு ஜெபமாலையின் எதிரே வந்து நின்றார்.

“அந்த ஊசி வேண்டாம்பா.”

“அப்போ என் சீனிக்கு என்னதான் வியாதி?”

மருதவாணர் ஒரு முறை மூச்சை இழுத்து விட்டார்.

“தெரியாது,” என்றார். “உள்ள வா. சேர்ந்து தேடுவோம்.”