செங்கல் சல்லி

முப்பது வருஷம் கலப்படம் பிடிக்கிற உத்தியோகம் பார்த்தவர் ஆவுடையப்பன். மிளகாய்த்தூளில் செங்கல் பொடியைத் தேடித் தேடியே தலை நரைத்தது. ஓய்வு பெற்றதும் தொட்டியில் குட்டை மரம் வளர்க்க ஆசை வந்து, கடையநல்லூர் ஜைனம்புவிடம் சீடராகச் சேர்ந்தார். சீடருக்கு ஐம்பத்தொன்பது வயது, குருவுக்கு நாற்பத்திரண்டு.

தை மாதம் அவருடைய புளியங்கன்றுக்குத் தொட்டி மாற்றினார்கள். ஜைனம்பு கொடுத்த கலவையை அவர் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். சலித்த செங்கல் சல்லி, பருமணல், ஒரு பிடி மக்கிய இலை.

“செங்கல்லா?” என்றார், பழைய அதிகாரக் குரலில்.

“தண்ணி நிக்கக் கூடாது சார். வேருக்குக் காத்து வேணும்.”

ஜைனம்புவின் சொந்தப் புளியமரம் பக்கத்து மேடையில் இருந்தது. பதினெட்டு வருஷ மரம், ஒன்றரை முழ உயரம்தான். ஆனாலும் ஊர் எல்லையில் நிற்கிற மரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி அப்படி ஒரு கம்பீரம். செங்கல்லைத் தின்றா இது இப்படி ஆச்சு? நல்ல மண் எங்கேயோ தனியாக இருக்கிறது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

சித்திரையில் அவர் கன்று இலை கொட்டியது. விதை போட்டு, முளை வந்த நாளிலிருந்து கூட இருந்து வளர்த்தது. மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார்.

ஜைனம்பு மண்ணுக்குள் விரலை விட்டாள். முகர்ந்தாள்.

“வேற ஏதும் சேத்தீங்களா சார்?”

“நான் ஏன் சேக்கப் போறேன்? நீங்க குடுத்த மண்ணுதான்.”

“சரி.”

அந்தச் ‘சரி’ அவருக்குப் பிடிக்கவில்லை.

“எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். உங்க மரத்துக்குப் போட்டிருக்கது என்ன மண்ணு?”

“அதே மண்ணுதான்.”

“மேல அதே மண்ணு. அடியில?”

ஜைனம்பு சிரித்தாள். “அடியிலயும் அதேதான். நம்ப மாட்டீங்களோ?”

“பாத்தா நம்புவேன்.”

“தளிர் விட்டிருக்கு. வெயிலும் இந்த வெயில் அடிக்கு. இப்ப வேரைக் கலைச்சா தாங்காது சார். தை மாசம் நானே மாத்துவேன், அன்னைக்கு வந்து பாருங்க.”

“நான் சோதனைக்குப் போற எல்லாக் கடையிலயும் இதைத்தான் சொல்லுவான். இன்னைக்கு வேண்டாம் சார், நாளைக்கு வாங்க சார்.”

ஜைனம்பு குறடை எடுத்து, மரம் அசையாமலிருக்கத் தொட்டிக்கு அடியில் கட்டியிருந்த கம்பியை வெட்டினாள். அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசைத்துத் தூக்கினாள். நூல் நூலாக வேர் அறுகிற சத்தம் அவர் காதுக்கே கேட்டது.

“பாருங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். மேலே பார்த்தார். அடியில் பார்த்தார். நடுவில் விரலால் கிளறிப் பார்த்தார். எங்கும் செங்கல் சல்லி. ஒவ்வொரு சல்லியையும் வெள்ளை வேர்கள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

கண்ணாடியை மடக்க அவருக்குக் கை வரவில்லை.

“மாசியில நாந்தான் என் தொட்டியில சாணி எருவும் களிமண்ணும் வச்சு அமுக்குனேன்,” என்றார்.

“தெரியும். விரலை விட்டதுமே புளிச்ச வாடை வந்துச்சு.”

“தெரிஞ்சுமா இதைத் தூக்குனீங்க? அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா!”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

அவர் பூதக்கண்ணாடியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டார்.

ஜைனம்பு மரத்தைத் திரும்பத் தொட்டியில் இறக்கி, பழைய சல்லியையே நிரப்பி, புதுக் கம்பியால் கட்டினாள். தண்ணீர் விட்டாள். நிழலுக்குத் தூக்கிப் போய் வைத்தாள். அதற்குள் தளிர்கள் துவண்டு கவிழ்ந்திருந்தன.

ஆவுடையப்பன் பின்னாலேயே வந்தார். “இது பொழைச்சுக்கிடும்லா?”

“உங்களுக்குச் சந்தேகம் தீந்துட்டுல்லா சார்,” என்றாள் ஜைனம்பு, மரத்தைப் பார்த்தபடியே. “இனி அந்தச் சந்தேகம் எனக்கு.”