நாலு டைமண்ட்

குமுதவல்லி டீச்சரைவிட வரதராஜுலு இருபத்திரண்டு வயது மூத்தவர். பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருந்தாலும் பிரிட்ஜ் ஆட்டத்தை இந்த டீச்சரிடம்தான் கற்றுக்கொண்டார், அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். திருச்சியில் அந்தச் சீட்டாட்டம் தெரிந்த பாதிப் பேர் டீச்சரிடம் படித்தவர்கள்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வரதராஜுலு கிளப்புக்குள் நுழைந்த வேகமே சரியில்லை. கக்கத்தில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"டீச்சர், ஒரு கேள்வி."

"உக்காருங்க சார்."

"உக்கார்றதுக்கெல்லாம் நேரமில்லை. ஞாபகமே இல்லாத ஆளோட எந்த மாதிரி ஒப்பந்தம் வச்சுக்கிட்டு ஆடுறது?"

"யாருக்கு ஞாபகம் இல்லை?"

"வேற யாருக்கு? நம்ம சிங்கராயருக்குத்தான்."

சிங்கராயர் அவருடைய ஜோடி. ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இரண்டு பேர் ஒரு கட்சி. ஆட்டம் தொடங்குமுன் எது துருப்பு, ஆறுக்கு மேல் எத்தனை பிடி எடுப்போம் என்று நாலு பேரும் சுற்றிச் சுற்றி ஏலம் கேட்பார்கள். அந்த ஏலத்தைத் தவிர ஜோடிக்குள் வேறு பேச்சு கூடாது, கண் ஜாடை காட்டினால்கூடக் குற்றம். அதனால் எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று வீட்டிலேயே பேசி ஒப்பந்தம் வைத்துக்கொண்டு வருவார்கள். இவர்கள் இருவரும் ஒன்பது வருஷமாக அப்படிப் பேசி வைத்து ஆடுகிறவர்கள். பேசுவது வரதராஜுலு, தலையாட்டுவது சிங்கராயர்.

"என்ன ஆச்சு, சொல்லுங்க."

"நேத்து சாயங்காலம் ஆட்டம். அவர் ஒரு ஸ்பேடுன்னு ஆரம்பிச்சார். என் கையில நாலு ஸ்பேடு, நல்ல பலம், டைமண்ட் ஒத்தைச் சீட்டு. ஸ்ப்ளின்டர் போட இதைவிட நல்ல கை அமையுமா? நாலு டைமண்டுன்னு கேட்டேன்."

ஸ்ப்ளின்டர் என்பது கொஞ்சம் குறும்பான ஏலம். 'உன் ஸ்பேடு எனக்கும் சரிதான், ஆனால் என்னிடம் டைமண்ட் கிடையாது, மிஞ்சிப் போனால் ஒன்று' என்று ஜோடிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு அந்த இல்லாத டைமண்டையே எகிறிக் குதித்து ஏலம் கேட்பார்கள். ஜோடி அதைப் புரிந்துகொண்டு மறுபடி ஸ்பேடுக்குத் திரும்பிவிட வேண்டும். பாஸ் சொல்லிவிட்டால் இல்லாத டைமண்டே துருப்பாக நின்றுவிடும்.

"அவர் என்ன சொன்னார்?"

"பாஸ்னுட்டார்."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்க டீச்சர். கையில ஒத்தை டைமண்டை வச்சுக்கிட்டு, அதையே துருப்பா வச்சுப் பத்துப் பிடி எடுக்கணும். அஞ்சுதான் வந்துச்சு. ஸ்பேடுல ஆடியிருந்தா பன்னெண்டு வந்திருக்கும். எதிர்க்கட்சியில ரெண்டு ஆடிட்டருங்க சீட்டால மூஞ்சிய மூடிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. மானம் கப்பலேறிப் போச்சு."

"சிங்கராயர் என்ன சொன்னார்?"

"என்னத்தைச் சொல்லுவார்? தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நான்தான் எல்லார் முன்னாலயும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. காலையிலிருந்து அவருக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. அதை அவர் டீச்சரிடம் சொல்லவில்லை.

"அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல போட்டி. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஜோடி பேர் கொடுத்தாகணும். பேங்க்ல இருக்கிற நிரஞ்சன் என்கூட வரேங்கிறார். முப்பத்தஞ்சு வயசு, ஒரு தடவை சொன்னா மறக்க மாட்டார். நீங்க சரின்னு சொன்னா அவர் பேரைப் போட்டுடறேன். ஆனா ஒம்பது வருஷம்..."

கக்கத்திலிருந்த கோப்பைக் கையில் எடுத்தார்.

"கோப்பைக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் 'சுற்றறிக்கை எண் 1: ஸ்ப்ளின்டர் ஒப்பந்தங்கள்' என்று அடிக்கோடு போட்டிருந்தது. உள்ளே ஏழு விதமான ஸ்ப்ளின்டர்கள். ஒற்றைச் சீட்டு இருந்தால் ஒன்று, சுத்தமாக இல்லாவிட்டால் ஒன்று, எதிராளி குறுக்கே ஏலம் கேட்டால் இன்னொன்று. அப்புறம் திருத்தங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் தேதி, கையெழுத்து, 'நகல்: திரு. சிங்கராயர், தகவலுக்காகவும் நடவடிக்கைக்காகவும்.' மனிதர் ஆபீசை விட்டு வந்தாலும் ஆபீஸ் மனிதரை விடவில்லை.

டீச்சர் ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

"சிங்கராயர் எங்க?"

"வெளிய சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட நிக்கிறார். நான் கூப்பிடலை, அவராத்தான் வந்திருக்கார்."

டீச்சரே வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். சிங்கராயர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். டீச்சருக்கு ஒரு வணக்கம் வைத்தார், வரதராஜுலுவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். வரதராஜுலு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார்.

"ஒருத்தர் ஒரு ஸ்பேடு. அவர் ஜோடி நாலு டைமண்ட். இன்னைய தேதிக்கு உங்க ஒப்பந்தப்படி அதுக்கு என்ன அர்த்தம்? எழுதுங்க. ஒருத்தர் எழுதுறதை இன்னொருத்தர் பாக்கக் கூடாது."

வரதராஜுலு ஒரே மூச்சில் எழுதி மடித்துவிட்டார். சிங்கராயர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பாவம், தேடுகிறார் என்று வரதராஜுலுவுக்குத் தோன்றியது. கோபத்துக்கு நடுவிலும் மனசு கொஞ்சம் இளகியது.

டீச்சர் முதல் காகிதத்தைப் படித்தார். "டைமண்ட் ஒன்று அல்லது பூஜ்யம். ஸ்பேடு நாலு. நல்ல பலம்."

"அதேதான்" என்றார் வரதராஜுலு.

டீச்சர் இரண்டாவதைப் பிரித்தார். "டைமண்ட் ஏழு சீட்டு. வேறு பலம் இல்லை. ஜோடி பாஸ் சொல்லலாம். திருத்தம் 3, பக்கம் 9."

"பாத்தீங்களா டீச்சர்? பாத்தீங்களா? இப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டு..."

டீச்சர் கோப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்பதாம் பக்கம்.

'திருத்தம் 3. நாலு டைமண்ட் என்பது இனி நீளமான டைமண்டையும் பலமில்லாத கையையும் குறிக்கும். ஒற்றைச் சீட்டைச் சொல்ல இனி வேறு ஏலம் பயன்படுத்தப்படும். பார்க்க: பக்கம் 10.'

அவருடைய கையெழுத்துதான். போன மாதம் இருபதாம் தேதி. இன்டர்நெட்டில் எங்கேயோ படித்துவிட்டு, ஆகா என்று குதித்து, அன்றைக்கே எழுதி அனுப்பியது. அனுப்பியதோடு சரி.

வரதராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பக்கம் ஒன்பது அப்படியேதான் இருந்தது.

"சிங்கராயர்... நீங்க சரியாத்தான்யா பாஸ் சொல்லியிருக்கீங்க."

சிங்கராயர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நேத்து ஏன்யா வாயைத் திறக்கலை? அத்தனை பேர் முன்னால அந்தப் பேச்சு பேசறேன். திருத்தம் மூணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அடங்கியிருப்பேன்ல?"

"திருத்தம் நாலு வந்திருக்கும், எனக்குத்தான் இன்னும் வந்து சேரலைன்னு நெனச்சேன் சார்."

டீச்சருக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"தினமும் காலைல நடக்கும்போது இதைத்தான் சார் மனப்பாடம் பண்றேன்" என்றார் சிங்கராயர். "என் வீட்டுக்காரி ஜெசிந்தா கேப்பா, நான் பதில் சொல்லிக்கிட்டே நடப்பேன். அவளுக்குச் சீட்டுல எது ஸ்பேடு எது கிளாவருன்னே தெரியாது. ஆனா பதினோரு பக்கமும் அத்துப்படி. நேத்து வீட்டுக்குப் போயி, நான்தான் சொதப்பிட்டேன், சாருக்குத் தலைகுனிவு ஆயிடுச்சுன்னு சொன்னேன். அவதான் பேப்பரை எடுத்துப் பாத்துட்டு, இல்லைங்க, நீங்க சரின்னா. அதைச் சொல்லத்தான் வந்தேன். சைக்கிளைப் பூட்டினேன். அப்புறம் உள்ள வர முடியலை."

வரதராஜுலு வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறார், யாரிடமும் இப்படிக் கூசி நின்றதில்லை. சிங்கராயரின் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தார். பழக்கமில்லாததால் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க" என்றார்.

"ஐயோ, என்ன சார் நீங்க."

"கோயம்புத்தூருக்கு என்கூட வர்றீங்களா?"

ஒன்பது வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. வண்டி இத்தனை மணிக்கு, வந்துவிடுங்கள் என்று தகவல் மட்டும்தான் போகும்.

சிங்கராயர் முகம் மலர்ந்துவிட்டது. "வர்றேன் சார். ஆனா..."

"ஆனா என்ன?"

சிங்கராயர் டீச்சரைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை சார்."

வரதராஜுலு விண்ணப்பத்தை எடுத்து இரண்டு பெயரையும் எழுதினார். சிங்கராயர் பெயரை முதலில் எழுதினார். பிறகு அதே பேனாவோடு கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆள் பழைய சுறுசுறுப்புக்குத் திரும்பிவிட்டார்.

"சரி டீச்சர், இப்பவே ஒரு முடிவு பண்ணிடுவோம். இதுல எதை வச்சுக்கலாம், எதை எடுத்துடலாம்? நீங்க சொல்லச் சொல்ல நான் திருத்தம் எழுதிடறேன்."

டீச்சர் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினார்.

"உங்க கையில என்ன இல்லைங்கிறதை அவருக்குச் சொல்ல ஏழு வழி எழுதி வச்சிருக்கீங்க சார். நீங்க சொல்றது சரியில்லைன்னு அவர் உங்களுக்குச் சொல்ல ஒரு வழிகூட இதுல இல்லை."

பேனாவைச் சிங்கராயர் பக்கம் நீட்டினார்.

"அதை அவர் எழுதட்டும்."