அரண்மனைக்குப் போன அம்மி

கதை கேட்க வந்தவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் வேண்டும். எல்லோரும் பனையோலையில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. காகிதம் அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. மஞ்சநல்லூர் என்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் தனக்கு ஒன்று தெரியாது என்று மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டான்.

அந்த நாட்டில் மருதாயி என்று ஒருத்தி இருந்தாள். காகிதத்தை மடிப்பாள், நூலால் தைப்பாள், ஆட்டுத்தோலில் அட்டை போடுவாள். அன்றன்று நடந்ததை எழுதி வைக்கும் வெற்றுப் புத்தகங்களைச் செய்து விற்பதுதான் அவள் பிழைப்பு.

ராஜாவுக்கும் அப்படி ஒன்றின் மேல் ஆசை வந்தது. “வெள்ளிக்கிழமை காலையில் புத்தகம் என் அரண்மனையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் இந்த நாட்டில் இருக்கக் கூடாது” என்று ஆள் அனுப்பினான்.

மருதாயி சோறு தண்ணி மறந்து வேலை செய்தாள். வியாழன் மாலையில்தான் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை ஒட்டி முடித்தாள். ஒட்டிய தோல் மூன்று நாள் பாரத்துக்கு அடியில் காய வேண்டும். முன்னதாக எடுத்தால் சுட்ட அப்பளம் மாதிரி வளைந்துவிடும். கொடுத்தால் புத்தகம் கெடும், கொடுக்காவிட்டால் ஊர் போகும். என்ன செய்வாள் பாவம்?

வெள்ளிக்கிழமை சேவகர்கள் வந்தார்கள். இரண்டு பலகைக்கு நடுவே புத்தகம் இருந்தது. மேலே அவள் வீட்டு அம்மி இருந்தது.

“அப்படியே தூக்கிட்டுப் போங்கண்ணே. ஞாயித்துக்கிழமை பொழுது சாயிற வரைக்கும் அம்மியை யாரும் எடுக்கக் கூடாதுன்னு மகாராஜாகிட்ட சொல்லிடுங்க” என்றாள்.

ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தன் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் ராஜாவுக்கா தெரியாது என்று நினைத்துவிட்டாள்.

சபை நடுவில் அம்மி இறங்கியது. ராஜா அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒன்றும் புரியவில்லை.

முதல் நாள் மந்திரியைக் கேட்டான். மந்திரிக்கும் புரியவில்லை, ஆனால் மந்திரி ஆயிற்றே! “அம்மி என்பது வரிச்சுமை, அரசே. அடியில் நசுங்குவது குடிமக்கள்” என்றார். ராஜா அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

இரண்டாம் நாள் சோதிடரைக் கேட்டான். “அம்மி மிதிப்பது கல்யாணத்தில்தானே? தங்களுக்கு இன்னொரு கல்யாணம் வருகிறது” என்றார். ராணி அன்று முழுவதும் பேசவில்லை.

மூன்றாம் நாள் தளபதியைக் கேட்டான். “உங்களை அரைத்துத் துவையலாக்கிவிடுவேன் என்கிறாள், அரசே!” என்றார். ராஜாவுக்கு மண்டை குழம்பிப் போயிற்று. வரியா, கல்யாணமா, போரா? அவளைக் கட்டி இழுத்து வரச் சொன்னான்.

“இந்த அம்மிக்கு என்ன அர்த்தம்? சொல்லாவிட்டால் இப்போதே நாட்டைவிட்டுப் போ!”

மருதாயி திருதிருவென்று விழித்தாள். “அம்மிக்கு என்னங்க மகாராஜா அர்த்தம்? எங்க வீட்டு அம்மிங்க. தோல் கோணாம காயறதுக்கு வெச்சேன். மூணு நாளா ஒரு துவையல் அரைக்க வழியில்லாம வெறுஞ்சோறு தின்னுக்கிட்டிருக்கேன்.”

ராஜா சபையைப் பார்த்து உறுமினான். “இதை ஏன் உங்களில் ஒருவர்கூட இவளிடம் கேட்கவில்லை?”

மந்திரி சோதிடரைப் பார்த்தார். சோதிடர் தளபதியைப் பார்த்தார். தளபதி கூரையைப் பார்த்தார்.

“நீங்களும் கேக்கலீங்களே, மகாராஜா” என்றாள் மருதாயி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராஜாவின் முகம் சிவந்தது. எழுந்து வந்தான். அவள் கைக்கட்டைத் தானே அவிழ்த்தான்.

பொழுது சாய்ந்திருந்தது. மருதாயி அம்மியை இறக்கினாள். ஒரு கோணல் இல்லாமல் புத்தகம் தட்டையாகக் கிடந்தது. ராஜா அதைத் திறந்து முதல் பக்கத்தில் எழுதினான்: “எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் கழித்துக் கேட்டேன்.”

அம்மி வீடு திரும்பியது. மந்திரியும் சோதிடரும் தளபதியும்தான் மூச்சு வாங்க வாங்கச் சுமந்து போனார்கள்.

பிள்ளைகளே, பெரியவர்களே, தெரியாததற்கு நாமே அர்த்தம் கட்டிக் குழம்பாமல் தெரிந்தவரிடம் கேட்டுவிடுவதே அறிவு.