சுண்ணாம்புக் கை

குதிரைச் சங்கம் நடத்தும் நாற்பது மைல் குதிரைப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்க வந்தார் ஜட்கா வண்டிக்காரர் ராக்கியப்பன்.

"கட்டணம் சங்க உறுப்பினருக்கு ஐந்நூறு ரூபாய், வெளியாளுக்கு ஆயிரம்" என்றார் செயலாளர் சுந்தரவதனம்.

"ஏனுங்க அப்படி?"

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "பாதை போட்டது நாங்கள். பாடுபட்டவனுக்குப் பாதி, சும்மா வந்தவனுக்கு முழுசு. இதுதான் நியாயம்!"

கூடியிருந்த உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

"நியாயந்தானுங்க" என்று வெந்துபோன விரல்களை விரித்தார் ராக்கியப்பன். "உங்க ஆளுக யாரும் வரலைன்னு மூணு நாளாப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட கைங்க இது. எங்க, எல்லாரும் கையக் காட்டுங்க."

உறுப்பினர்களின் கைகளெல்லாம் பாக்கெட்டுக்குள் போயின. மைக்கில் சொன்னதை விழுங்க முடியுமா? போன கைகள் ஆளுக்கு ஆயிரத்தோடு வெளியே வந்தன.

ராக்கியப்பன் ஐந்நூறைக் கட்டிவிட்டுக் குதிரை ஏறினார்.